ஆம்பளைங்களுக்குக் குடுத்த மாத்திரை

புரிஞ்சுதுங்க மேடம். ஒரு கவரு எனக்கு, ஒரு கவரு ஊட்டுக்காரருக்கு. ரெண்டு பேருமே சாப்புடோணும், ஒரு வாரம் சேரக்கூடாது, அதுக்கப்புறமும் காண்டம் போட்டுக்கோணும். ஒருத்தரு மட்டும் சாப்புட்டா இந்த நோவு ஒருத்தருகிட்ட இருந்து இன்னொருத்தருக்குத் திரும்பத் திரும்ப வரும். மறுபடி சொல்லோணுங்கறதில்லீங்க, நான் பத்தாவது வரைக்கும் படிச்சவதான்.

அட, மாத்திரைக்குப் பயந்துட்டுத் திருப்பித் திருப்பிப் பாக்கலீங்க. இந்தச் சாம்பக் கலரு கவரை எங்கூட்டுலயே பாத்திருக்கறேன்.

நெசமாத்தானுங்க. அஞ்சு வருசம் இருக்கும். பெரியநாயக்கன்பாளையத்துல ஒரு மோட்டார் கம்பெனியில அவரு பிட்டரு. மிசின் மாட்டறதுக்குன்னு வடக்க ஆறு மாசம் அனுப்புனாங்க. வந்ததுல இருந்து ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னாரு. சூடுன்னு நெனச்சு வெந்தயம் ஊறவெச்சுக் குடுத்தேன், எளநி வெட்டிக் குடுத்தேன், சனிக்கெழமையானா எண்ணெ தேச்சு உட்டேன். கிறுக்கியாட்ட இருந்திருக்கறனுங்க. அப்புறம் ஒருநா பேண்டு தொவைக்கலாமுன்னு பாக்கெட்டுல கைய உட்டா, இதே கவரு. கம்பெனியில கேம்ப் போட்டாங்க, சத்து மாத்திரைன்னாரு. எனக்குந்தான் அசதியா இருக்குது, நானும் போட்டுக்கறனேன்னேன். ஆம்பளைங்களுக்குக் குடுத்ததுன்னு கையில இருந்து புடுங்கிட்டாரு.

அது என்ற கவருங்க மேடம். ஆஸ்பத்திரியில உங்களாட்ட யாரோ ஒருத்தரு ரெண்டு கவரு குடுத்து, சம்சாரத்துக்கும் குடுங்கன்னு சொல்லித்தானே அனுப்பியிருப்பாங்க? அவரோடத முழுங்கிப்போட்டாரு. என்றத எங்க வீசுனாரோ.

இல்லீங்க, எனக்கு ஒண்ணுமே தெரியல. எப்பவாச்சும் அடிவயித்துல ஒரு வலி, அவ்வளவுதான். பொம்பளைங்களுக்குப் பெரும்பாலும் வெளிய தெரியவே தெரியாதுன்னு இன்னைக்கு நீங்க சொல்லித்தானே தெரியுது. அந்த நோவு உள்ளயே இருந்து கருக்கொழாய அடைச்சுப்போட்டுதாமா. நான் புள்ளை வேணுமுன்னு அவிநாசிக் கோயிலுக்கும் போனேன், ஊரு ஊராப் போயிக் கும்புட்டேன். ஒரு விருந்துல, அத்தனை சனத்துக்கு முன்னால, எங்க மாமியா என்னைய மலடின்னாங்க. அவரு எலையப் பாத்துச் சாப்புட்டுட்டு இருந்தாரு. தப்புப் பண்ணுனதக்கூட உட்டர்றேன். இத்தனையும் தெரிஞ்சுபோட்டு வாய மூடிட்டு இருந்தாரு பாருங்க, அந்த மனுசனை இனி எப்படிங்க நம்பறது?

ஏனுங்க, எங்கிட்ட இருந்து அவருக்கே மறுபடி வந்திருக்குமுங்களா? அப்படிங்களா. அவருக்கும் தெரியாமயே இருக்குமுங்களா.

அப்ப இன்னொண்ணு கேக்கோணும். அஞ்சு மாசப் புள்ளத்தாச்சி இந்த மாத்திரையச் சாப்புடலாங்களா?

எனக்கில்லீங்க. டாக்டரம்மா பாத்து, டெஸ்ட் எடுத்துத்தான் குடுப்பாங்களா? சரிங்க, எடுத்துப்போடலாம். புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லீங்க? சீக்கிரமாப் பாத்துட்டாப் போதுமுங்களா?

அதா, வெளிய பெஞ்சுல பச்சைப் பொடவை கட்டிட்டு உக்காந்திருக்கறா பாருங்க, அவதான். ராமாமணி. என்ற கூடப்பொறந்த தங்கச்சிங்க. எனக்குத் தொணைக்குன்னு வந்திருக்கறா. நீங்களே கூப்புட்டுச் சொல்லிருங்க மேடம், எனக்கு வாய் வராது. நான் மாட்டேன், மாட்டேன்னு அழுதாளுங்க. எனக்குத்தான் பொறக்கல, வேற ஒருத்தி வாரதுக்கு எங்கூட்டுப் புள்ளையே வரட்டுமுன்னு, போன தையில நாந்தானுங்க கெஞ்சிக் கூத்தாடி அவளை அவருக்குக் கட்டிவெச்சேன்.