இருநூறு மீட்டருக்கு அப்பால்

தம்பி: ...‘மார்ச் ஏழாம் தேதியோடு நான் என் மகளைப் பார்த்து இரண்டு ஆண்டுகள் முடிந்துவிட்டன. குற்றம் என்னுடையதன்று.’ டைப் பண்ணிட்டியா அக்கா?

அக்கா: முதல் வரி ஆச்சு. இருபது வருஷமா கோர்ட் வாசல்ல உக்காந்து மனு டைப் பண்றேன். அடுத்த வரிக்கு விரல் நகர மாட்டேங்குது.

தம்பி: ஏன், மெஷின் மக்கர் பண்ணுதா?

அக்கா: மெஷின் இல்ல, நான்தான் மக்கர். உன் பொண்டாட்டி மூணு மாசம் கையில கட்டோட இருந்தாளே, அது யார் குற்றம்? பக்கத்து வீட்டுக்காரனுதா?

தம்பி: நான் தள்ளித்தான் விட்டேன்... கதவுதான்...

அக்கா: ஓ, கதவா! அது மேல கேஸ் போட்டிருக்கலாம். பாவம், போலீசுக்குத் தோணல.

தம்பி: நக்கல் பண்ணாத. ‘குற்றத்த ஒத்துக்கோ, அபராதத்தோட சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்’னாரு வக்கீல். எந்த வீட்டுக்குன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. ஒரே ஒரு கையெழுத்து! துப்பாக்கி லைசென்ஸ் போச்சு. துப்பாக்கி இல்லாத காவலாளி பேங்க்குக்கு எதுக்கு? வேலையும் போச்சு. பிள்ளை இருக்கிற இடத்துக்கு இருநூறு மீட்டருக்குள்ள வரக்கூடாதுன்னு ஆர்டர் வேற. இதெல்லாம் முன்னாடியே சொல்ல வேண்டாமா?

அக்கா: சொல்லியிருக்கணும். அத எழுதறேன், அதுல நியாயம் இருக்கு... சாப்பிட்டியா?

தம்பி: நேத்து ஸ்கூல் விடுற நேரத்துல பஸ் ஸ்டாப்புல நின்னேன்.

அக்கா: அடப்பாவி! உள்ள தூக்கி வச்சுடுவாங்கடா!

தம்பி: லீவு நாள்ல போய் ஸ்கூல் கேட்டுலேர்ந்து டேப் வச்சு அளந்துட்டேன். இருநூத்திப் பத்து மீட்டர். அங்கேர்ந்து பாத்தா எல்லாமே நீல யூனிஃபார்ம்... எது என் பொண்ணுன்னே தெரியலக்கா. ஒவ்வொண்ணையும் அவதான்னு நெனச்சுப் பாத்துட்டு வந்தேன்.

அக்கா: இந்தா, இந்தத் தண்ணியக் குடி.

தம்பி: நீ வாராவாரம் பாக்குற. வளந்துட்டாளா?

அக்கா: என் இடுப்பத் தாண்டிட்டா. முன்பல்லு ரெண்டும் முளைச்சாச்சு.

தம்பி: விழுந்ததே எனக்குத் தெரியாதே...

அக்கா: டேய்... உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு போலீசுக்கு...

தம்பி: நீதான் போன் பண்ணின. கேஸ் கட்டுல உன் பேரப் பாத்தேன்.

அக்கா: தெரிஞ்சுமா ரெண்டு வருஷம் வாயத் தொறக்கல? அப்புறம் ஏன்டா எங்கிட்டயே வந்த? இந்த வரிசையிலயே எட்டு டைப்பிஸ்ட் இருக்காங்களே!

தம்பி: அவங்கல்லாம் நான் சொல்றத அப்படியே எழுதிடுவாங்க. நீ எழுத மாட்ட... இப்போ போடு: ‘என் மனைவியின் கையை முறித்தவன் நானே. இதைப் படிக்கும் நீங்கள், தீர்ப்பு எழுதுமுன் என் மகளை அழைத்துக் கேளுங்கள், அப்பாவைப் பார்க்க விருப்பமா என்று. விருப்பமில்லை என்று அவள் சொன்னால், இம்மனுவை அங்கேயே கிழித்துவிடுங்கள்.’