நான்காவது வேட்பாளர்

—பக்கத்துல வந்து உட்காராத லாக்லன். ஓட்டு எண்ணி முடியிற வரைக்கும் நீ எனக்கு எதிரி.

—இந்தப் பள்ளிக்கூட ஹால்ல வேற நாற்காலி காலி இல்ல அண்ணி.

—உன் அண்ணன் ஒரு மாசமா சரியா சாப்பிடல, கேட்டியா. காலையில வைக்கிற ஓட்ஸ் கஞ்சி அப்படியே இருக்கு. ஊனாவுக்கு எதிரா கொழுந்தனே நிக்கிறான்னு படகுத்துறையில அவரைப் போட்டுக் கேலி பண்றாங்க.

—அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்.

—என்னத்தைப் பேசுவ? குளிர்காலம் வந்தா தீவுக்குக் கப்பலை நிறுத்திடறாங்க, பிரசவத்துக்குக்கூட அக்கரைக்குப் போக முடியலன்னு எடின்பரோ அரசாங்கம் வரைக்கும் எழுதிப்போட்டவ நான். பழைய கவுன்சிலருங்களைக் கேள்வி கேக்க ஆளில்லன்னுதான் நின்னேன். நீ என் ஓட்டைப் பிரிக்க வந்த.

—பாருங்க அண்ணி, நம்ம வார்டுக்கு எத்தனை இடம்?

—மூணு.

—நீங்க மனு கொடுத்தப்போ யார் யாரு நின்னாங்க?

—பழைய ஆளுங்க டார்க்கில், நார்மன், அப்புறம் நான்.

—மூணு இடத்துக்கு மூணு பேர். போன தடவை மாதிரியே தேர்தல் இல்லாமலே உட்கார வெச்சிருப்பாங்க. அப்புறம் நீங்க கப்பலைப் பத்திப் பேசினா, உனக்கு யாரும்மா ஓட்டுப் போட்டாங்கன்னு டார்க்கில் கேப்பாரு.

—அவருக்கு மட்டும் யாரு போட்டா?

—அதை அவரு சொல்லமாட்டாரு. அதான் கடைசி நாள் நான் போய் மனு கொடுத்தேன். நாலாவது ஆள் இருந்தாத்தானே ஓட்டு நடக்கும். தோக்கறதுக்குன்னே நின்னேன் அண்ணி.

—இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சா என்ன?

—உங்ககிட்டயா? சாயங்காலத்துக்குள்ள தீவு பூரா தெரிஞ்சிருக்கும்.

—ஒரு வீட்டுலகூட ஓட்டுக் கேக்காம ஆட்டுக் கொட்டகையிலயே கிடந்தியே. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும்.

—குட்டி போடுற சமயம், என்ன பண்ண? இருங்க, மேடையில ஏதோ சொல்றாங்க.

—என் பேரு. முதல் சுத்துலயே என் பேரைச் சொல்றாங்க லாக்லன்.

—கையை நசுக்காதீங்க. எழுந்து நில்லுங்க, ஜனங்க கை தட்டுறாங்க பாருங்க.

—பாதித் தீவு எனக்குப் போட்டிருக்கு. டார்க்கில் மூஞ்சியைப் பாரு.

—இனிமே யாரு போட்டாங்கன்னு கேக்கமாட்டாரு. சரி அண்ணி, நான் கிளம்பறேன், ஆடுங்க காத்திருக்கும்.

—போகாத, உட்காரு. சீட்டுல பிடிச்ச வரிசையில ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போடறோமில்ல, நான் ஜெயிக்கத் தேவையானதுக்கு மேல விழுந்த ஓட்டை, ரெண்டுன்னு யாருக்குப் போட்டிருக்காங்களோ அவங்களுக்கு மாத்தறாங்க.

—மாத்தட்டுமே, எனக்கென்ன?

—நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்.

—என்ன பண்ணீங்க?

—உன் மேல கோவம்தான். ஆனா உனக்கு ஓட்டே விழாம மானம் போச்சுன்னா உன் அண்ணன் தாங்கமாட்டாரு. அதனால போன வீட்டுலயெல்லாம், எனக்கு ஒண்ணு போடுங்க, லாக்லனுக்கு ரெண்டு போடுங்கன்னு கேட்டுட்டேன்.

—அண்ணி, டார்க்கில் ஏன் கோட்டை மாட்டிக்கிட்டு வெளிய போறாரு?

—பூட்ஸைத் துடைச்சுக்கோ கவுன்சிலரே, உன்னை மேடைக்குக் கூப்பிடறாங்க.