பாபஸும் பபாஸும்

— அவனை இந்த வீட்டுப் படி ஏறச் சொல்லாத, மார்கரீட்டா. சீரோஸ் தீவுல இந்த மலை கத்தோலிக்க மலை. நமக்கு பாபஸ் ஒருத்தர்தான், அவர் ரோம்ல இருக்கார்.

— நான் கட்டிக்கப்போற லெஃப்தெரிஸ் பாபஸ் ஆகப்போறதில்லப்பா, பபாஸ் ஆகப்போறான். முன்னால நீட்டினா போப்பாண்டவர், பின்னால நீட்டினா எதிர்மலை ஆர்த்தடாக்ஸ் கோயில் சாமியார். அவ்வளவுதான் வித்தியாசம்.

— அந்த நீட்டல்லதான் ஆயிரம் வருஷச் சண்டை இருக்கு. கேட்டுக்கோ, கப்பல்ல நான் போகாத துறைமுகம் இல்ல. ஜெர்மன்காரன் பாப்ஸ்டுங்கறான், பிரெஞ்சுக்காரன் பாப்புங்கறான். ரெண்டு பேரும் சொல்றது ரோம்ல இருக்கறவரைத்தான்.

— ஒடெஸ்ஸாவுக்கும் போனீங்களே. அங்க போப்னா யாரு?

— தெருக்கோயில் சாமியார். அதுவும் கேலியாத்தான் சொல்லுவான்.

— எல்லாம் ஒரே சொல்லுதான்ப்பா. ஆதியில குழந்தைங்க அப்பாவைக் கூப்பிட்டது. அப்புறம் ஊர் ஊரா ஆயர்களை அப்படிக் கூப்பிட்டாங்க. எனக்கு மட்டும்தான்னு ரோம் எடுத்துக்கிட்டது ரொம்பப் பின்னால.

— இது அவன் சொல்லிக்கொடுத்த பாடமா?

— நானே படிச்சது. அவன் குருப்பட்டம் வாங்கறதுக்கு முன்னாடியே கல்யாணம் நடந்தாகணும், அது அவங்க சட்டம். வர்ற ஞாயித்துக்கிழமை நக்ஸோஸ் தீவுல, அவன் ஊர்லயே. முந்தின நாள் என்னை அவங்க சபையில சேர்த்துக்குவாங்க.

— சேர்ந்துட்டா திரும்பி வராத. நான் செத்தாலும் வராத. அனேசா, நீ என்ன, மீன் ஆஞ்சுக்கிட்டிருக்க? உன் பொண்ணுகிட்ட சொல்லு.

— என்னன்னு சொல்ல?

— நீ எதை விட்டுட்டு இந்த மலைக்கு வந்தன்னு சொல்லு.

— அம்மா? எதை விட்டீங்க?

— எங்கப்பாவும் பபாஸ்தான், மார்கரீட்டா. இவரைக் கட்டிக்கறதுக்காக இவங்க சபைக்கு வந்தேன். அன்னிக்கு எங்கப்பாவும் இதைத்தான் சொன்னார், செத்தாலும் வராதன்னு.

— அவர் செத்தப்பவும் உங்கம்மா போகல. கேட்டுக்கோ, வார்த்தைன்னா அப்படி இருக்கணும்.

— அவர் சாகலங்க.

— என்னது?

— செத்துட்டார்னு உங்ககிட்ட நான்தான் சொன்னேன். அப்படிச் சொன்னப்புறம்தான் நீங்க அவரைத் திட்டறதை நிறுத்தினீங்க.

— அப்ப தாத்தா எங்கம்மா இருக்கார்?

— லெஃப்தெரிஸ் ஊர்ல, கல்யாணம் நடக்கற அதே கோயில்ல, இன்னும் பூசை வைக்கறார். ஞாயித்துக்கிழமை உன் தலையில கல்யாணக் கிரீடம் வைக்கப்போறவர் அவர்தான். பொண்ணோட அம்மா யாருன்னு அவருக்குத் தெரியாது. நானும் உன்கூட வர்றேன்.