எஞ்சின் இல்லாத ஏரோப்ளேன்

யுத்த காலம். நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் கரி பஸ். முன் சீட்டில் இருப்பவர்கள் எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசினால், நான் காதை எங்கே கழற்றி வைப்பது?

"எஞ்சினே இல்லாத ஏரோப்ளேன்ல அவரு எதுக்குங்க ஏறுனாரு?"

கேட்ட பெண் மடியில் வெறும் கோணிப்பை இருந்தது. பக்கத்துச் சீட்டில் லீவில் வந்த பட்டாளத்துக்காரர். செத்துப்போன அவள் புருஷனின் துணிமணிப் பெட்டியைச் சேலம் ஸ்டேஷனில் எடுத்துத் தரக் கூட்டிப் போகிறார் என்று பேச்சில் தெரிந்தது.

"எங்க முகாம்ல அதுதானுங்க வழக்கம். ரிப்பேர் பண்ணி, வாலைத் திருப்பற கம்பிய மாட்டுனவரு, மொதத் தடவ பறக்கறப்பக் கூட ஏறோணும். அப்பத்தான் வேலை சுத்தமா நடக்கும்பாங்க."

"அவரு சரியா மாட்டலீங்களா?"

"சரியாத்தானுங்க மாட்டுனாரு. கம்பி ஓடற கப்பி ஒடஞ்சு போச்சு. கயித்துல கட்டி இழுத்துட்டுப் போன எஞ்சின் ப்ளேன் மேல கொண்டுபோய் அவுத்து உட்டதுக்கப்பறம், வால் அசையவே இல்லை. ஓட்டுன துரை மட்டும் பொழச்சாரு."

"துரை ஒண்ணுஞ் சொல்லலீங்களா?"

"எஞ்சின் இல்லாததால எல்லாம் நல்லாக் கேட்டுச்சாம். கீழ வந்து உழுகற வரைக்கும் உங்கூட்டுக்காரரு பேசிக்கிட்டே இருந்தாராம்."

"என்ன பேசுனாருங்களாம்?"

"துரைக்குத் தமிழ் தெரியாதுங்களே, அக்கா."

மல்லூர் தாண்டிக் கரி போட பஸ் நின்றது. எஞ்சின் அடங்கியது. அவள் ஜன்னல் வழியே சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊட்டுல வாயே தொறக்க மாட்டாருங்க," என்றாள், மெதுவாக.