மேப்பில் மாகாளியம்மன்

கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளுக்குப் போகும் காலை பஸ். முன்சீட்டு அம்மாள் போனில் எதையோ அழுத்திவிட்டுப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னார்:

"இன்னிக்கும் சாமி பேர மாத்திப்போட்டேனுங்க."

"எங்கீங்க?"

"போன் மேப்புலீங்க. அதுல ஆரு வேணாலும் திருத்தலாம். எங்கூரு மாகாளியம்மன் கோயில ஒருத்தரு 'பகவதி க்ஷேத்திரம்'னு மலையாளப் பேரா மாத்தறாருங்க. அப்பத்தான் வெளியூர்க்காரங்க வருவாங்களாம். நோம்பிக்கு மாவிளக்கு எடுத்துக்கிட்டு நாங்க கூப்புடறது மாகாளியத்தானுங்க. அவரு மாத்த மாத்த நானும் திருத்தறேன். மூணு மாசமாச்சு, உடறதா இல்லீங்க."

"ஏனுங்க, ஆரு அந்தாளு?"

"எங்க ஊட்டுக்காரருதானுங்க."

"அய்யோ! அப்பறம் ஊட்டுல சண்டையில்லீங்களா?"

"எதுக்குங்க? காலைல அவருக்குச் சோறு கட்டிக் குடுத்துட்டுத்தான் பஸ் ஏறுனேன். சோறு வேற, சாமி வேறீங்க."