ப்ரோக்மையர் வீட்டு உத்தரம்

— இந்தக் காலத்துப் பசங்களுக்கு ரோஷமே கிடையாது, லிஸ்பெத். சட்டை மாத்துற மாதிரி பேரை மாத்துறானுங்க. பொண்டாட்டியோட குடும்பப் பேரை வெச்சுக்கிறேங்கிறான், என் வீட்டுக்கு வரப்போற மாப்பிள்ளை!

— முதல்ல ஏணியை விட்டு இறங்கு, அல்ஃபோன்ஸ். எழுபத்தெட்டு வயசுல ஒட்டடை அடிக்கிற உயரமா அது?

— நாளைக்குக் கல்யாண ஜோடி பேரைச் செதுக்கத் தச்சன் வர்றான். வாசல் உத்தரத்துல சிலந்திக்கூடு இருந்தா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

— வந்ததும் மாப்பிள்ளை பேர் என்னன்னு கேப்பானே, என்ன சொல்லப் போற? உன் பொண்ணு நேத்து என் வீட்டு அடுப்படியில உக்காந்து அழுதுட்டுப் போனா.

— மெக்டில்டா? அவ எங்கிட்ட அழலையே.

— உங்கிட்ட யார் அழுவாங்க? "நூனோவுக்கு நம்ம பேரைத் தர அப்பாவுக்கு மனசில்ல. அவரை இந்த வீட்டு ஆளாவே நினைக்கல. அப்புறம் நாங்க எதுக்கு இங்க? ம்யூன்ஸ்டர் டவுன்ல வீடு பாத்துப் போயிடறோம்"னா. அவங்க போயிட்டா நாப்பது மாட்டையும் நீயே கறப்பியா?

— கறப்பேன்.

— கறப்ப, கறப்ப. குனிஞ்சு பூட்ஸ் கயிறு கட்டவே முக்கால் மணி ஆகுது உனக்கு.

— இங்க பாரு. மேல என்ன செதுக்கியிருக்கு, படி. ஆயிரத்து எழுநூத்து நாப்பத்தெட்டு, யோஹான் ஹென்ரிச் ப்ரோக்மையர். எரிஞ்சு சாம்பலான வீட்டைத் திரும்ப எழுப்பினவன். முழங்கால் சேத்துல நின்னு உழுதவன். சதுப்பு நிலத்துக் குடியானவன்கிறதுதானே பேரோட அர்த்தமே! என் மூக்கைப் பாரு, அவன் மூக்கு. அப்பனுக்குப் புள்ள, அப்பனுக்குப் புள்ளன்னு வந்த பேர் இது. வாசல்ல வந்தவனுக்கெல்லாம் எடுத்துக் குடுக்கவா?

— மூக்கு அவனோடதா இருக்கலாம். பேர் அவனோடது இல்ல.

— என்னது?

— நாப்பது வருஷம் கோயில் பதிவேட்டைப் பாத்துக்கிட்டவ நான். உன் யோஹான் ஹென்ரிச் பொறந்தப்ப அவன் குடும்பப் பேர் வெஸ்டர்காம்ப். மாடு ஓட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வந்தவன். அவன் பேருக்குக் கீழ சின்னதா ஒரு ஆன்னா கெர்ட்ரூட் இருக்கா பாரு, வீடு அவளோடது. அவளைக் கட்டினான், உள்ள வந்தான், ப்ரோக்மையர் ஆயிட்டான்.

— எழுதின பாதிரியார் குடிச்சிருப்பாரு.

— அஞ்சு பாதிரியாருமா? இந்த வாசல்ல அஞ்சு தடவை அப்படி நடந்திருக்கு. ஒரு விதவை ரெண்டாவது கல்யாணம் பண்ணினா, வந்தவனும் ப்ரோக்மையர். அப்பல்லாம் பேர் ஆளுக்கு இல்ல, பண்ணைக்கு. இங்க பொறந்த தம்பி அடுத்த பண்ணைக்கு மாப்பிள்ளையாப் போனா, இந்தப் பேரை இங்கயே விட்டுட்டு அந்தப் பண்ணைப் பேரோட சாவான்.

— அப்ப எங்க அப்பன், தாத்தன்?

— அதுக்குள்ள அரசாங்கம் வந்து பேரை ஆளோட சேத்து ஆணி அடிச்சிடுச்சு. அதுக்கப்புறம் கப்பல் ஏறினவனெல்லாம் பேரையும் தூக்கிட்டுப் போனான். மிசூரியில மூணு ஊர்ல இருக்காங்க. தெற்கு ஆஸ்திரேலியாவுல ஒருத்தன் திராட்சை போடறான். சிலியில ஒரு பல் டாக்டர். இந்த மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னாடி இருக்கிற சேத்துக்கு வெச்ச பேர், அல்ஃபோன்ஸ்! மழையே பெய்யாத ஊர்லயும் ஒருத்தன் அதைச் சொல்லிக் கை குடுக்கறான். எனக்கு மலைப்பா இருக்கு.

— ம். மலைப்புதான், அதை நான் இல்லேங்கல. மிசூரிக்காரன் அனுப்பின போட்டோவைப் பாத்தேன். தபால்பெட்டி மேல கொட்டை எழுத்துல போட்டிருந்தான். ஆள் மட்டும் பூசணிக்கா மாதிரி இருந்தான். மொத்தம் எத்தனை பேர்னு சொன்ன?

— நான் எண்ணினவரைக்கும் நானூத்துச் சொச்சம். அதுல பாதிப் பேருக்கு உன்னோட ஒரு சொட்டு ரத்தம் கூடக் கிடையாது.

— நானூறா?

— நானூறு. நூனோ வந்தா நானூத்தி ஒண்ணு. வெஸ்டர்காம்ப் வந்த வழியிலதான் இவனும் வர்றான். போன மாசம் உன் சிவப்பி கன்னு போட்டப்ப ராத்திரியெல்லாம் தொழுவத்துல கிடந்தது யாரு? நீயா?

— கை நல்ல கைதான். யாரு இல்லைன்னா?

— பின்ன என்ன? பையன் பேரை மாத்திக்க அவன் அப்பாவே ஒத்துக்கிட்டாரு.

— கின்டெலாவா? என்ன சொன்னான்?

— ஒண்ணும் சொல்லல. சிரிச்சாரு.

— சிரிச்சானா.

— ஆமா, சிரிச்சாரு. போர்ச்சுகல்லேருந்து வந்து முப்பது வருஷம் நூல் மில்லுல நின்னவரு. அந்த மனுஷனுக்கே வருத்தம் இல்ல, உனக்கென்ன வந்துச்சு? சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, தச்சன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். எங்க போற? தொப்பியை எதுக்கு எடுக்கற?

— இன்னிக்கு வியாழக்கிழமை. கின்டெலா சீட்டுக்கட்டோட காத்துக்கிட்டு இருப்பான்.

— பதில் சொல்லிட்டுப் போ! நான் இவ்வளவு சொல்லியும் மனசு மாறலையா உனக்கு?

— மாறல. உன் பதிவேட்டையும் நம்பல, பாதிரியாரையும் நம்பல.

— கல்லு! பொண்ணு பொட்டி கட்டிக்கிட்டுப் போகட்டும், அப்பத் தெரியும்!

— அவ எங்கயும் போக மாட்டா. இந்த வாசலுக்குள்ள படுத்து எந்திரிக்கிறவனை ஊரே ப்ரோக்மையர்னுதான் கூப்பிடும், அதுக்கு ஒரு காகிதமும் வேண்டாம். ஆனா கின்டெலா சிரிச்சதை நீ பாத்த, போன வியாழக்கிழமை கையில சீட்டோட அவன் அழுததை நான் பாத்தேன். எனக்கு நானூறு பேர் இருக்காங்க, லிஸ்பெத், அவனுக்குப் பேர் சொல்ல இந்த ஒருத்தன்தான். உத்தரத்துல என் பொண்ணு பேருக்குப் பக்கத்துல நூனோ கின்டெலான்னு செதுக்கச் சொல்லு, அந்த வெஸ்டர்காம்புக்குச் செய்யாததை இவனுக்காவது செய்வோம்.