படத்தில் மறைத்த முகம்

சோம்பலில் இதை எழுதாமலே விட்டிருப்பேன். நான் போன பஸ்ஸில் மயிலாப்பூரில் ஏறிய மீன்காரம்மா, கேமரா பையோடு உட்கார்ந்திருந்த ஆவணப்படக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

“படத்துல என் மூஞ்சிய ஏன் சார் மறைச்ச? நான் இன்னா திருடியா?”

“போராட்டம் எடுத்தா மறைச்சிருவேன்மா, இருபது வருஷமா. போலீஸ் கேஸ் போடக் கூடாதுன்னுதான்.”

“போட்டுட்டான். கல்லு எறிஞ்சேன்றான். அந்த நேரம் நான் அங்க வந்த அமைச்சர்கிட்ட பேசிக்கினு இருந்ததுக்கு உன் படந்தான் சாட்சி. அதுல மூஞ்சியே இல்ல.”

“மறைக்காதது வீட்ல இருக்கு. ஆனா அதுல மத்தவங்களும் தெரிவாங்க.”

“அவங்கள கேட்டுட்டேன், சரின்னாங்க. நீ எடுத்துக்கினு கோர்ட்டுக்கு வரியா?”

படக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடையாறு வரைக்கும் அங்கே அப்படி என்ன தெரிந்ததோ.

நண்பனிடம் சொன்னேன்.

“கோர்ட்டுக்குப் போனா அவரு மூஞ்சி தெரிஞ்சிடுமே, மச்சி” என்றான்.